வாலு என்று கூப்பிடும் படம்

அவள் படத்தில் எழுதிய பேச்சு எதுவும் அதற்குப் பிறகு அவள் கணவனின் வாயில் வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, முடிவெட்டிக்கொள்ள வந்தவரிடம் 'தலையைக் கொஞ்சம் குனிங்க' என்று சொல்ல வாயைத் திறந்தவனுக்கு வெறும் காற்றுதான் வந்தது. மின்விசிறியைப் போட்டுவிட்டார்கள் என்று வந்தவர் நினைத்துக்கொண்டார். முந்தின வாரம்தான் அவள், உலகத்துக்கே தெரிந்த ஒரு பழைய ராஜாவின் ஓவியத்தை எலுமிச்சை மஞ்சளில் புதிதாக வரைந்து, கிரீடத்தின் குறுக்கே அதே வாக்கியத்தைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்.

வீட்டின் முன்னறை அவனுடைய சலூன், பின்னறை அவளுடைய பட்டறை, நடுவில் ஒரு திரைச்சீலை. காலண்டரிலும் பிஸ்கட் டப்பாவிலும் எல்லோரும் பார்த்துச் சலித்த ஓவியங்களை ஊதா முகமும் பச்சை வானமுமாக அவள் மாற்றி வரைவாள். நிறம் காய்ந்ததும் திரைக்கு அந்தப் பக்கமிருந்து முதலில் காதில் விழும் பேச்சு எதுவோ, அதுதான் படத்தில் ஏறும். அது அவள் தனக்கு வைத்துக்கொண்ட சட்டம். அவனோ ஓயாமல் பேசுகிறவன். புன்னகைக்குப் பேர்போன அந்தப் பெண்ணின்மேல் 'பயப்படாதீங்க, மீசையைத் தொட மாட்டேன்' ஏறியது. கண்காட்சியில் கூட்டம் அலைமோதியது. அவன் வாடிக்கையாளர்களின் தலையைக் கையால் குனிய வைத்தான், மீசையைத் தொட மாட்டேன் என்பதைக் கண்ணாலேயே சொன்னான். "போனா போகட்டும், எனக்கா பேச்சுக்குப் பஞ்சம்?" என்று சிரித்தான். அவள் அதையும் எழுதிவிட்டாள்.

பிறகு ஜன்னலோரம் பால் ஊற்றும் பெண்ணை வரைந்தாள். பால் நீலம், சுவர் ஆரஞ்சு. நிறம் காய்ந்த நேரத்தில் அவன் திரையை விலக்கித் தலையை நீட்டி, "வாலு," என்றான். கல்யாணமான புதிதில் மாமியாரின் போட்டோவுக்கு அவள் மீசை வரைந்த நாளிலிருந்து அதுதான் அவன் அவளைக் கூப்பிடும் பெயர். தெரியாமல் எழுதினாள் என்று சொல்ல முடியாது. நீலப் பாலுக்குப் பக்கத்தில் சிவப்பில் இரண்டே எழுத்து. அவ்வளவு பொருத்தமாக இருந்தது. படத்தைக் கலைக்கூடம் வாங்கிக்கொண்டது. அன்று மாலையே அவன் அவளைப் பார்த்து வாயைத் திறந்து, மூடினான். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தான். யாரோ பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல் இருந்தது, அவள் திரும்பவில்லை. வீடு அவளுக்கு வெறிச்சென்று ஆகிவிட்டது. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வெள்ளை பெயின்ட் டப்பாவும் தூரிகையுமாகக் கலைக்கூடத்துக்குப் போனாள். "அழிக்க விட முடியாதும்மா, இப்ப இது எங்க படம்," என்றார் காவலாளி. அவள் அழுதாள். அப்போது பால் ஊற்றும் பெண் தலையைத் தூக்காமல், சலூன்காரனின் கரகரத்த குரலில், "வாலு," என்றாள். "படம் சத்தம் போடக்கூடாது," என்று காவலாளி கண்டித்தார், பிறகு அவருக்கும் பழகிவிட்டது.

இப்போது கடை விடுமுறை நாட்களில் இருவரும் அங்கே போகிறார்கள். காவலாளி இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறார். அவன் படத்தைப் பார்த்து மோவாயை அசைப்பான், படம் கூப்பிடும். அவள் படத்தைப் பார்க்காமல் அவன் பக்கம் திரும்பி, "என்ன?" என்பாள்.

"சும்மாதான்," என்பான் அவன். அந்த ஒரு சொல் காதில் விழும் நாளில் அவள் தூரிகையைத் தொடுவதில்லை.