வீட்டில் மட்டும் சொல்லாத அறிவிப்பு

அலுவலகத்தில் அவளுக்கு மேடையம்மா என்று பெயர். டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டி, அதாவது கேம் கன்சோல், செய்யும் கம்பெனி அது. புதுப் பெட்டி வரும்போதெல்லாம் பெரிய கண்காட்சியில் மேடை போட்டு, ஊரைக் கூட்டி அறிவிப்பது அவள் வேலை. பெயர் வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

பட்டம் இருந்து என்ன, ஒவ்வொரு முறையும் மேடைக்காக எம்.டி.யோடு மல்லுக்கட்டி அவளுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. "மத்த கம்பெனிக்காரங்க எல்லாம் கண்காட்சிய விட்டே போயாச்சும்மா. அரை மணி நேர வீடியோ எடுத்து நெட்ல விட்டுட்டு நிம்மதியா இருக்காங்க. நாம மட்டும் எதுக்குப் பந்தல் போட்டுட்டு இருக்கோம்?" என்று அவர் ஆரம்பிப்பார். "வீடியோன்னா பாதியில நிறுத்திட்டுப் பல் விளக்கப் போவாங்க சார்" என்று அவள் முடிப்பாள். அரைத்த மாவையே இரண்டு பேரும் அரைப்பார்கள்.

இந்த முறை கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை. பெட்டியின் பெயர் மேடையேறும்வரை வெளியே கசியக் கூடாது. கசிந்தால் மேடை கிடையாது, இனி எந்தப் பெட்டிக்கும் கிடையாது.

ரகசியம் காப்பதில் அந்தக் கம்பெனியை யாரும் மிஞ்ச முடியாது. ஒரு பிரிவில் நடப்பது அடுத்த பிரிவுக்குத் தெரியக் கூடாது. அவளுடைய கணவரும் அங்கேதான் வேலை பார்த்தார். பெட்டி எங்கே தகராறு செய்கிறது என்று நாள் முழுக்க விளையாடிக் கண்டுபிடிக்கிற சோதனைப் பிரிவு. வீட்டிலும் வேலையைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று தம்பதி இருவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சோதனைக்காகப் புதுப் பெட்டி ஒன்று அவர்கள் வீட்டு உள்ளறையிலேயே இருந்தது. துணி எடுக்க அவள் கதவைத் தட்டினால் அவர் அதன் மேல் துண்டைப் போட்டு மூடுவார். அவர் காபி கொண்டுவந்தால் அவள் லேப்டாப்பை மூடுவாள். "வேலை எப்படிப் போகுது?" "போகுது." இதற்கு மேல் பேச்சில்லை. ஒரு வருடமாக இப்படியும் ஒரு குடித்தனம் நடந்தது.

கண்காட்சிக்குச் சில நாளே இருந்தபோது, ஒரு காலையில் அவள் அரங்கத்தில் தச்சரோடு நின்றுகொண்டிருந்தாள். மேடையின் நடுவில் தரையைத் திறந்து, பெட்டி கீழேயிருந்து எழும்பி வர வழி செய்திருந்தார் தச்சர். அதை ஏற்றி இறக்கிக் காட்டி, "சத்தமே வராதும்மா" என்று பெருமைப்பட்டார். அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அலற ஆரம்பித்தது. ஒருத்தர் விடாமல் ஒரே படத்தை அனுப்பியிருந்தார்கள்.

யாரோ ஒருவன் தன் வீட்டு டிவியைப் போட்டோ எடுத்து நெட்டில் போட்டிருந்தான். கேம் நண்பர்களின் பட்டியல் அது. ஒரு நண்பரின் பெயரைக் கறுப்பாக அடித்திருந்தான். அதற்குக் கீழே, அவர் இப்போது எந்தப் பெட்டியில் விளையாடுகிறார் என்ற வரி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அவள் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்த பெயர் அந்த வரியில் இருந்தது. உலகமே அதைப் பார்த்துவிட்டது.

பெயரை அடித்தவன், அந்த நண்பர் தன் அடையாளமாக வைத்திருந்த குட்டிப் படத்தை அடிக்க மறந்திருந்தான். காது உடைந்த நீலக் கோப்பை. தினமும் அதைக் கழுவி வைக்கிறவளுக்கு அது யாருடையது என்று தெரியாதா? சோதனைக்கென்று கம்பெனி கொடுத்த கணக்கில் நுழைய வேண்டிய மனுஷர், தூக்கக் கலக்கத்தில் தன் சொந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறார். கட்டிய பெண்டாட்டியிடமிருந்து துண்டு போட்டு மூடிய பெட்டியை நண்பர்கள் எல்லோருக்கும் தானே காட்டிக் கொடுத்திருக்கிறார். அவள் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

எம்.டி. உடனே வரச் சொன்னார். போகும் வழியெல்லாம் அவள் வாதத்தைத் தயார் செய்தாள். பெயர்தானே வெளியே வந்தது, பெட்டியை யாரும் பார்க்கவில்லையே. இப்போதுதான் கூட்டம் இரண்டு மடங்காக வரும். அடித்துப் பேசினால் மேடையைக் காப்பாற்றிவிடலாம் என்று அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

எம்.டி.யோ வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். "பிரமாதம்மா. காலையிலேருந்து உலகம் பூரா நம்ம பேச்சுதான். போன தடவ மேடை போட்டப்பகூட இவ்வளவு பேரு பேசல. இது உங்க வேலைதானே?"

"எது சார்?" என்றாள்.

"நீங்க திட்டம் போட்டுப் பண்ணீங்கன்னா பரவால்ல. இல்ல, எவனோ கவனக்குறைவா விட்டான்னா, அவன் யாருன்னு தோண்டி எடுத்து இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். பாதுகாப்புப் பிரிவு என் வார்த்தைக்காகக் காத்துட்டு இருக்கு."

தயார் செய்த வாதம் எதற்கும் உதவாமல் போயிற்று. தன் திட்டம் என்று ஒப்புக்கொண்டால், மேடை வேண்டாமென்று அவளே நிரூபித்ததாகிவிடும். இல்லையென்றால் வீட்டுக்காரர் வேலை போகும். சில்லறைக் கடன் வாங்குவதற்குக்கூட நாலு முறை யோசிக்கிறவள் இதற்கு ஒரு மூச்சு விடும் நேரம்தான் எடுத்துக்கொண்டாள்.

"நான்தான் சார் பண்ணேன்" என்றாள்.

"பாத்தீங்களா, மேடையம்மாவுக்கே மேடை தேவையில்லன்னு தெரிஞ்சுபோச்சு" என்று எம்.டி. மேசையைத் தட்டிச் சிரித்தார். "அரங்கத்த ரத்து பண்ணிடுங்க. வீடியோவ நாளைக்கே விட்டுடலாம். அடுத்த பெட்டிக்கும் இதே மாதிரி ஒரு தப்பு பண்ணணும். இப்பவே யோசிச்சு வைங்க, ஒத்திகை பாத்துப் பண்ணலாம்."

தப்புக்கு ஒத்திகை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அரங்கத்துக்குத் திரும்பிப் போய்த் தச்சரிடம் பிரித்துவிடச் சொன்னபோது, அவர் நம்பவில்லை. "ஆணி அடிச்ச சத்தம்கூட இன்னும் அடங்கலியேம்மா" என்றார். கடைசிப் பலகை கழன்று வரும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கணவர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் பையை வீசினாள்.

"நீலக் கோப்பையப் பாத்தேன்" என்றாள்.

"தெரியும். காலையிலயே எங்க மேனேஜர்கிட்ட போய் ஒத்துக்கிட்டேன். நல்லாத் திட்டினார். அப்புறம், எங்க பிரிவுல எல்லாரும் ஒரு தடவையாவது செஞ்ச தப்புதான்னு சொல்லி, அதச் சோதனைக் கணக்குன்னே பதிவுல மாத்திட்டார். இனி யாரு தோண்டினாலும் ஒண்ணும் கிடைக்காது."

"காலையிலயேவா?"

"எட்டு மணிக்கெல்லாம் முடிஞ்சுபோச்சு. ஏன்?"

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். எம்.டி. அறையில் நடந்ததைச் சொன்னாள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"வேலையப் பத்திப் பேசக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோமே."

அந்தக் கையெழுத்தை அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவரையும் திட்டினாள், போட்டோ எடுத்தவனையும் திட்டினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "என்னதான் பண்றதா இருந்த அந்த மேடையில?" என்று கேட்டார். ஒரு வருடத்தில் முதல் முறையாகக் கேட்டார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? அவள் சொல்ல ஆரம்பித்தாள். மூவாயிரம் பேர் நிறைந்த அரங்கத்தில் எல்லா விளக்கும் அணையும். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது. மேடை திறக்கும். இருட்டுக்குள் பெட்டி சத்தமில்லாமல் எழும்பி வரும். நின்றவுடன் அதன் விளக்கு எரிந்து, பின்னாலிருக்கிற பெரிய திரையில் பெயர் வரும். சொல்லச் சொல்ல அவள் கை தானாகவே பெட்டியைத் தூக்கிக் காட்டியது.

"வராது" என்றார் அவர்.

"என்ன வராது?"

"நின்ன உடனே எரியாது. முதல் தடவ ஆன் பண்ணா முழுசா ஒரு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் உள்ள இருக்கற ஃபேன் மட்டும் கத்தும். மூணு மாசமா நாங்க அதோடதான் மாரடிச்சிட்டு இருக்கோம்."

"அத ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீ அத மேடையில வச்சு ஆன் பண்ணப் போறேன்னு எனக்கு யாரு சொன்னா? மூவாயிரம் பேர ஒரு நிமிஷம் இருட்டுல உக்கார வச்சிருப்ப. ஒரு வகையில நல்லதுக்குத்தான். மானம் தப்பிச்சுது."

ஆறுதல் சொல்வதாக அவருக்கு நினைப்பு.

"உக்காந்திருப்பாங்க" என்றாள்.

"என்னது?"

"இருட்டுல உக்காந்திருப்பாங்கங்க. ஒருத்தர்கூட எந்திரிச்சுப் போயிருக்க மாட்டாங்க. மூவாயிரம் பேரும் ஒண்ணா மூச்சப் பிடிச்சுக்கிட்டு, என்ன வரப்போகுதுன்னு காத்துக்கிட்டு இருந்திருப்பாங்க. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அத்தன பேரையும் கூப்பிட்டேன்."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "நாளைக்கு நானே போய் எம்.டி.கிட்ட உண்மையச் சொல்லிடறேன். வேலை போனா போகட்டும், வேற பாத்துக்கலாம். மேடைய மறுபடி கேப்போம்."

"பிரிச்சாச்சு" என்றாள். "நான்தான் நின்னு பிரிக்க வச்சேன்."

அவள் அழுதாள்.