இடது கை வண்டியின் நாலு குழாய்

சனிக்கிழமை காலையில் நைட் ஷிப்ட் முடிந்து துறைமுகத்தை விட்டு வெளியே வந்த வால்டருக்குக் கண் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி எரிந்தது. இரவெல்லாம் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவன். நியாயமாகப் பார்த்தால் வீட்டுக்குப் போய்ப் பாயை விரித்துச் சாய வேண்டும். ஆனால் மறுநாள் சோழவரத்தில் கார் ரேஸ். ஓடப்போகிறவர்களில் அவனும் ஒருத்தன்.

வால்டருக்கு வயது நாற்பத்தேழு. லாரியில் மோதி ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்த பழைய பியட் ஒன்றை எப்போதோ வாங்கிவந்து, கடலோரப் பனைமரத்தொட்டியில் இருந்த தன் வீட்டு வாசலில் நிறுத்தி, கிடைத்த லீவு நாளில் எல்லாம் தட்டி நிமிர்த்தி ஓட வைத்திருந்தான். வருஷா வருஷம் "இந்தத் தபா சோழவரம்" என்பான். ஒரு வருஷம் மகள் எல்சிக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒரு வருஷம் மாமியார் செத்துப்போனாள். இன்னொரு வருஷம் அவனுக்கே லீவு கிடைக்கவில்லை.

இந்த வருஷம் மனைவி பிலோமி கறாராகச் சொல்லிவிட்டாள். "ஒரு தபா ஓட்டிட்டு வா. அப்பால வித்துடணும். வாசல்ல துணி காயப்போடக்கூட எடமில்ல." புளியந்தோப்பில் கல்யாணத்துக்குக் கார் வாடகை விடும் சுப்பராயனிடம் பேசியும் முடித்தாயிற்று. திங்கட்கிழமை காலையில் வந்து வண்டியை எடுத்துப்போவான். ஆகவே வால்டருக்கு இருந்தது நாளைய ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

வீட்டு வாசலில் கோதண்டம் ஏற்கெனவே வந்து, பானெட்டைத் திறந்துவைத்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். வியாசர்பாடிக்காரன், துறைமுக ஒர்க்‌ஷாப்பில் வெல்டர், வால்டரின் பழைய தோஸ்து.

"இன்னா மாமு, மூஞ்சி இப்டி தொங்கிகினு கீது? ரேஸுக்குப் போறவன் மாதிரியா கீற? சாவுக்குப் போய்ட்டு வந்தவன் மாதிரி கீற."

"தூக்கம் இல்லபா. வா, வேலயப் பார்ப்போம்."

வால்டர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கோணிச்சாக்கை இழுத்துவந்து பிரித்தான். உள்ளே எக்ஸாஸ்ட் குழாய் செட் ஒன்று. கம்பெனி வண்டியில் எஞ்சினின் புகை எல்லாம் ஒரு கனத்த வார்ப்பிரும்புப் பெட்டிக்குள் முட்டி மோதிக்கொண்டு வெளியே வரும். இதில் நாலு சிலிண்டருக்கும் தனித்தனியாக நீளக் குழாய், கீழே வந்து ஒன்றாகச் சேரும். புகை தடையில்லாமல் போனால் எஞ்சினுக்கு இழுவை கூடும். பியட்டுக்குச் சொந்த ஊர் இத்தாலி; இதுவும் போன மாசம் வந்த இத்தாலிக் கப்பலில் ஒரு மாலுமி கொண்டுவந்தது. அதற்குப் பதிலாக வால்டர் கொடுத்தது பிலோமியின் சந்தனப் பெட்டியை. அவள் தம்பி மைசூரிலிருந்து வாங்கிவந்தது.

"என் பொட்டி போய் கொழாவாத் திரும்பி வந்து கீது பாருண்ணே," என்றாள் பிலோமி, கோதண்டத்துக்கு டீ வைத்தபடி. "பொட்டில மோந்தா வாசன வரும். இதுல இன்னா வரும்?"

"பொக வரும் தங்கச்சி. பாரின் பொக."

பழைய பெட்டியைக் கழற்றுவதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. நட்டுகள் துருவேறி எஞ்சினோடு ஒட்டிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் லேசாகத் தட்டி, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி இரண்டு பேரும் தொங்கினார்கள். அது வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வால்டர் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை. புதுக் குழாய்களைத் தூக்கி எஞ்சின் பக்கத்தில் வைத்தான்.

குழாய் பொருந்தி உட்காரவில்லை.

திருப்பிப் பார்த்தான். சாய்த்துப் பார்த்தான். கீழே படுத்துக்கொண்டு அடியிலிருந்து ஏற்றிப் பார்த்தான். கடைசிக் குழாய் இறங்குகிற இடத்தில் ஸ்டியரிங் தண்டு குறுக்கே நின்றது.

கோதண்டம் குனிந்து பார்த்தான். குழாயைப் பார்த்தான், ஸ்டியரிங்கைப் பார்த்தான், பிறகு வால்டரைப் பார்த்தான். பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"வால்டரு. இத்தாலில ஸ்டியரிங்கு எந்தப் பக்கம்?"

வால்டர் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தான். அங்கே எல்லாம் இடது பக்கம். அந்த ஊர்க்காரன் செய்த குழாய், ஸ்டியரிங் குறுக்கே வராது என்று நினைத்து வளைத்த குழாய். இதில் கொடுமை என்னவென்றால், வெளிநாட்டு கான்சலேட்டுகளுக்கு வருகிற இடது கை வண்டிகளைக் கப்பலிலிருந்து இறக்குவதே வால்டரின் கிரேன்தான். கூண்டில் உட்கார்ந்து எத்தனை தரம் மேலிருந்து பார்த்திருப்பான், ஸ்டியரிங் அந்தப் பக்கமாக இருப்பதை!

"என் கொக்கிலதான்பா தொங்கிகினு எறங்குது அந்த வண்டிங்க எல்லாம்," என்றான். "கப்பல்லருந்து வந்த சாமான்னா சரியாத்தான் இருக்கும்னு வாங்கிட்டேன்."

"ஹார்பர்ல இருக்கறவன் எல்லாமே அப்டித்தான். கப்பல்லருந்து செருப்பு வந்தா ரெண்டும் ஒரே காலுக்கு கீதான்னு பாக்க மாட்டான்."

பிலோமி சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்தாள். சாப்பிட்டுக்கொண்டே கோதண்டம்தான் சொன்னான், அந்த ஒரு குழாயை மட்டும் கொஞ்சம் வளைத்துப் பார்க்கலாம் என்று. வெறும் குழாயைச் சூடாக்கி வளைத்தால் நசுங்கிவிடும். உள்ளே மணலை நிரப்பி, வாயை அடைத்து, பழுக்கக் காய்ச்சி வளைக்க வேண்டும்.

மணலுக்கு என்ன பஞ்சம்? எதிரே கடல். வால்டர் வாளியை எடுத்துக்கொண்டு போய் அள்ளி வந்தான்.

"அப்டியே போட்ராத நைனா! ஈரம் இருந்தா ஆவி கட்டி வெடிச்சுரும், அப்பால உனக்கும் எனக்கும் சேத்து நாளைக்கு சாவுப் பூசதான். வறுக்கணும்."

ஆக பிலோமியின் வாணலி வெளியே வந்தது. வேர்க்கடலை வறுக்கிற வாணலியில் கடல் மணலைப் போட்டு அவளே உட்கார்ந்து கிண்டினாள். தெருவில் போன ரஹீமுன்னிசா நின்று பார்த்துவிட்டு, "இன்னா பிலோமி, இன்னிக்கு இதான் கொழம்பா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. பாரின் சமையலு. ஒரு வாய் சாப்டறியா?"

ஒர்க்‌ஷாப்பிலிருந்து கோதண்டம் கேட்டு வாங்கிவந்த கேஸ் டார்ச்சில் குழாய் மெல்லச் சிவந்தது. வால்டர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி அழுத்தினான். இரும்பு வெண்ணெய் மாதிரி இளகி வளைந்தது. ஆறவைத்து, மணலைக் கொட்டி, எஞ்சினோடு ஒட்டுகிற இடத்தில் கோணிப்போன வாய்த்தட்டை அரத்தால் தேய்த்துச் சமமாக்கி மாட்டினார்கள். இந்தத் தடவை தண்டுக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடம் இருந்தது.

சாவி போட்டபோது பியட் வழக்கம்போல் இருமவில்லை. உறுமியது. கனமான, அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கோதண்டம் காதைப் பொத்திக்கொண்டு, "ஷோக்கா கீது மாமு!" என்று கத்தினான். அசதி எங்கே போனதென்று வால்டருக்கே தெரியவில்லை. தன் கையால் நிமிர்த்திய வண்டி இப்படி ஒரு குரலில் பேசுமென்று அவன் கற்பனைகூடச் செய்ததில்லை.

"ஸ்டியரிங்க திருப்பிப் பாக்கலாம்," என்று சொல்லி அவன் வண்டிக்கடியில் படுத்தான். பிலோமி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். கோதண்டம் பக்கத்தில் நின்று, கதவு வழியே எட்டி ஆக்சிலேட்டரைக் கையால் அமுக்கினான்.

இடது பக்கம் சுலபமாகப் போனது. வலது பக்கம் திருப்பியபோது, எஞ்சின் குலுங்குகிற குலுங்கலில் குழாய் போய்த் தண்டில் இடித்தது. கரகரவென்று ஒரு சத்தம்.

"இங்க புடிக்குது," என்றாள் பிலோமி மேலிருந்து. "எனக்குக் கையில தெரியுது. புடிச்சு, அப்பால விடுது."

எஞ்சினை நிறுத்தினார்கள்.

"இன்னொரு தபா வளச்சுப் பார்ப்போமா?" வால்டர் அடியிலிருந்தே கேட்டான்.

"வளச்ச எடம் மெலிஞ்சு காயிதமா கீது. திரும்பவும் காச்சுனா பிஞ்சுரும்."

"ரேஸ்ல அவ்ளோ ஒடிக்கத் தேவப்படாதுபா. நேராத்தான போறோம்."

பிலோமி கதவைத் திறந்து இறங்கி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு சோழவரம் வரைக்கும் நானும் வரேன்னு சொன்னேன்ல," என்றாள். "இந்த வண்டிலயே குந்திகினு வரட்டா? நீயே சொல்லு. நீ குந்துன்னு சொன்னா குந்தறேன்."

வண்டிக்கடியில் வால்டருக்கு மேலே குழாய் இன்னும் சூடாக, நீலமும் பொன்னுமாக நிறம் மாறி அழகாக இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தான். எப்போது கண் மூடியது என்று தெரியவில்லை. கோதண்டம் காலால் அவன் காலைத் தட்டினான்.

"செத்துட்டியா?"

"இல்லபா." வால்டர் ஒரு கையை மட்டும் வெளியே நீட்டினான். "ஸ்பேனரைக் குடு. பழச எடுத்துவை."

மாட்டியதைக் கழற்றி, கழற்றியதை மாட்டி முடித்தபோது மாதா கோயிலில் சாயங்கால மணி அடித்தது. பியட் மறுபடியும் தன் பழைய குரலில் இருமியது. அன்று ராத்திரி வால்டர் சட்டையைக்கூடக் கழற்றாமல் தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடித்துவிட்டு மூன்று பேரும் கிளம்பினார்கள். சோழவரத்தில் வழவழப்பான பெரிய வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவில், இருமிக்கொண்டே, வால்டரின் பியட் கோட்டுக்கு வந்து நின்றது. கொடி இறங்கியது. வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க வலப்பக்கம் ஒடித்தான். எதுவும் பிடிக்கவில்லை. எல்லோரும் அவனை விட்டுவிட்டு முன்னே போனார்கள். அவன் கடைசிச் சுற்றுவரை ஓட்டினான்.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தியபோது முகம் எல்லாம் புழுதி. கோதண்டம் கதவைத் திறந்துவிட்டான்.

"உனக்குப் பின்னாடி யாருமே வரலியே மாமு."

"ஒருத்தன் கீறான்பா. நடுவுல நின்னுபூட்டான், தள்ளிகினு வரான்."

வால்டர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். பிலோமி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கூஜாவைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள்.

"வூட்டுக்குப் போறப்ப மெதுவாப் போ," என்றாள். "நாளைலருந்து பஸ்ஸுதான." பிறகு கூஜாவை மூடிவிட்டு, "அந்தக் கப்பல்காரன் திரும்பி வந்தான்னா, கொழாவக் குடுத்துட்டு என் பொட்டிய வாங்கிகினு வா," என்றாள்.

"வளச்சுட்டமே பிலோமி. வாங்க மாட்டான்."

"அப்ப துணி காயப்போட வெச்சுக்கறேன். நாலு கொழா கீதுல்ல."

வால்டர் சாவியைத் திருப்பினான். இருமலோடு வண்டி கிளம்பியது.