இடது தோளில் குடம்

மீசையில் ஒரு பாதி போயிருந்தபோது தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. சங்கிலிமுத்து, சவரக்கத்தியோடு இருந்த பெத்தணனின் கையைப் பிடித்து நிறுத்தினான். ஆட்டோவிலிருந்து இறங்கியவன் அண்ணன் மகன் புகழேந்திதான். தாடி வேறு வைத்திருந்தான்.

"மகன் வந்துட்டாம்லா" என்றார் பெத்தணன். அந்தத் தெருவில் சாவு விழுந்தால் சவரத்திலிருந்து கொள்ளிவரைக்கும் முறை சொல்கிறவர் அவர். "பெத்த புள்ள இருக்கயில ஒங்களுக்கு எதுக்கு எடுக்கணும்?"

"மிச்சத்தையும் எடுங்க. ஒத்தப் பக்க மீசையோட நான் தெருவுல நடக்கவா?"

பெத்தணன் எடுத்துவிட்டார். இனி யார் என்ன சொன்னாலும் கொள்ளி தனக்குத்தான் என்று சங்கிலிமுத்து முடிவுசெய்துகொண்டான்.

செத்துப்போனது அவனுடைய அண்ணன் தங்கச்சாமி. சிவகாசி அச்சாபீஸ் ஒன்றில் டைரி பைண்டிங் வேலை. நேற்றுக் காலையில் கம்பெனி வேனில் ஏறப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. மகனுக்குத் தகவல் சொல்லும்படி மதினி வள்ளித்தாய் சங்கிலிமுத்துவிடம்தான் ஆஸ்டல் நம்பரைக் கொடுத்தாள். அவன் சாயங்காலம்தான் போன் போட்டான். மறந்தெல்லாம் போகவில்லை, மனசு வரவில்லை.

புகழேந்தி மெட்ராசில் பி.ஏ. அரபி படிக்கிறான். ஊரில் இல்லாத படிப்பு. "எங்க அண்ணன் மவன் தொப்பி போட்டுத்தான் திரும்பி வருவான்" என்று டீக்கடையில் முதலில் சொன்னவன் சங்கிலிமுத்துதான். அது நாலு வாய் சுற்றி அவன் காதுக்கே திரும்பியபோது, பையன் பேரையே மாற்றிவிட்டானாமே என்று வளர்ந்திருந்தது. அதை அவனும் நம்பிவிட்டான்.

அந்த அரபி எழுத்தின்மேல் சங்கிலிமுத்துவுக்குத் தனியாகவே ஒரு பகை உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் அதே அச்சாபீசில் அவன் மேஸ்திரி. துபாய்க்கு ஒரு டைரி ஆர்டர் வந்தது, முழுக்க அரபி. நாம் புத்தகத்தை மூடும் பக்கத்திலிருந்து அவர்கள் திறப்பார்களாம். இங்கே யாருக்குத் தெரியும்? சீசன் நேரம். கை பழகிய பக்கமாகவே தைத்து, அட்டை ஒட்டி, லோடு ஏற்றிவிட்டார்கள். அத்தனையும் திரும்பி வந்தது. முதலாளி மேஸ்திரியை வெளியே அனுப்பினார். தைத்த தங்கச்சாமி உள்ளேயே இருந்தார். தம்பிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கிலிமுத்து பட்டாசுக் கம்பெனிக்கு வெடிமருந்து கலக்கப் போனான். அன்றிலிருந்து அவன் நகக்கண்ணில் வெள்ளிப் பொடி போனதில்லை.

அது போதாதென்று, மகனை அந்தப் படிப்பில் சேர்த்துவிட்டு வந்து அண்ணன் சொன்னார்: "எந்தப் பக்கம்னு தெரிஞ்ச ஒருத்தன் நம்ம வீட்ல இருக்கட்டும்லே." அதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அண்ணன் இருமுவது கேட்கும். கேட்டுக்கொண்டே படுத்துக் கிடப்பான்.

நீர்மாலைத் தண்ணீர் எடுத்துவந்து உடலைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். பந்தலில் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுத புகழேந்தி, எழுந்து கொள்ளிச்சட்டியைத் தூக்கக் குனிந்தான். சங்கிலிமுத்து குறுக்கே காலை வைத்தான்.

"ஏலே, அதத் தொடாத."

"ஏன் சித்தப்பா?"

"எந்தச் சாமியக் கும்பிடுதன்னு தெரியாம எங்க அண்ணன ஒங் கையில குடுக்க மாட்டேன்."

"நான் எங்கயும் மாறல. பாசை படிக்கேன், அம்புட்டுத்தான். அதுல கதை இருக்கு, பாட்டு இருக்கு. கூடப் பெறந்தவன் செத்ததுக்கு ஒரு பொம்பள பாடுன ஒப்பாரிய ஒரு மாசமாப் படிச்சோம். பேச்சியம்மா அத்தை பாடுதாகள்ல, அது மாதிரிதான் இருக்கு."

பாடிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் தன் பேர் அடிபடவும் நிறுத்திவிட்டாள்.

"அப்ப இனிமே அந்தப் படிப்புக்குப் போக மாட்டேன்னு அவரு கால்ல அடிச்சுச் சத்தியம் பண்ணு. பண்ணிட்டுச் சட்டிய எடு."

புகழேந்தி அப்பாவின் காலைப் பார்த்தான். கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"சேத்துவிட்டதே அவுகதான். அவுக கால்லயே அடிச்சு விட்டுருதேன்னு எப்படிச் சொல்ல? மாட்டேன் சித்தப்பா."

"அப்ப நகரு."

அண்ணனின் தலைமாட்டில் வள்ளித்தாய் உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள். "தம்பி, அவுக ஒங்களக் குத்திக்காட்டச் சேக்கல. 'என் தம்பியத் தெருவுல நிறுத்துன எழுத்து, அது நம்மள மறுபடி ஏமாத்தக் கூடாது'ன்னாக. அத ஒங்ககிட்ட வந்து சொல்லத்தான் அவுகளுக்கு வாய் வரல."

"செத்தவரு பேரச் சொல்லி என்னமும் சொல்லலாம் மதினி."

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே தெரிந்தது. ஆனால் மீசையை எடுத்தாயிற்று, பந்தல் முழுக்கப் பார்க்கிறது. சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். புகை கண்ணில் அடித்தது. தெருமுக்கோடு பெண்கள் நின்றுகொண்டார்கள். புகழேந்தி கடைசி ஆளாக, வெறுங்கையோடு வந்தான்.

சுடுகாட்டில் பெத்தணன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிச் சங்கிலிமுத்துவின் இடது தோளில் வைத்தார். "மூணு சுத்து. நான் பின்னாடியே வந்து ஓட்டை போடுதேன்."

அய்யா செத்தபோது குடம் தூக்கியவர் மூத்தவர் தங்கச்சாமி. சங்கிலிமுத்துவுக்கு இது முதல் குடம். விறகுக்கு மேல் அண்ணன் முகம் மட்டும் தெரிந்தது. இருமாமல் கிடந்தார். அதைப் பார்த்தபடியே நடக்க ஆரம்பித்தான். நாலு எட்டு போயிருப்பான்.

"நில்லுங்க, நில்லுங்க. எங்கிட்டுப் போறீக?" என்றார் பெத்தணன். "கோயில் பிரகாரமா இது? எளவுக்கு எதிர்ப்பக்கமால்லா சுத்தணும்."

அவன் நின்றான். குடம் தளும்பித் தோளில் வழிந்தது.

கூட்டத்தில் எவனோ சொன்னான்: "மேஸ்திரி மறுபடியும் பக்கத்த மாத்திட்டாருடோய்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சுடுகாட்டில் சிரிப்பு பலமாகத்தான் கேட்கும். சங்கிலிமுத்துவுக்குக் காது சுட்டது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

"யாருலே அது?"

புகழேந்திதான். பின்னாலிருந்து ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "எங்க சித்தப்பாவப் பாத்துச் சிரிக்கவா இங்கன வந்தீக? சிரிக்கிறவுக வீட்டுக்குப் போங்க."

யாரும் போகவில்லை. யாரும் அதற்குப் பிறகு சிரிக்கவும் இல்லை. அவன் இரண்டு எட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான். குடத்தைக் கேட்கவும் இல்லை.

சங்கிலிமுத்து அவனைப் பார்த்தான். "பெத்தணன், இவனுக்குத் தாடிய எடுங்க" என்றான்.

"அதுவரைக்கும் குடத்தக் கீழ எறக்கி வைக்கவா?"

"தூக்குனத எறக்கக் கூடாதும்பீகளே. நான் வச்சிருக்கேன்."

கருவேலம் புதர் ஓரமாக உட்காரவைத்துப் பெத்தணன் சவரம் செய்தார். தாடி போனதும் பையனுக்குத் தாடை அப்படியே அண்ணன் தாடைதான். சங்கிலிமுத்து தோள் மாற்றாமல் நின்றான். பெத்தணன் வாங்க வந்தபோது கொடுக்கவில்லை. தானே போய், புகழேந்தியின் இடது தோளில் குடத்தை வைத்து, அவன் கை அதைப் பிடித்துக்கொண்டதா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டான்.

புகழேந்தி எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தான். பெத்தணன் அரிவாள் முனையால் குடத்தில் தட்டினார். தண்ணீர் ஒரு கோடாக விழுந்தது.

சங்கிலிமுத்து வழியை விட்டு ஒதுங்கினான். கை பழக்கத்தில் மீசைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.