முசப்பிர் சொன்ன ஆங்கிலம்

"தம்பி, முதல்ல இதைக் காட்டுங்க." மைத்துனர் முசப்பிரிடம் சொல்லிக்கொண்டே குல்சுமா கம்பளிச் சட்டையின் கையை மேலே தள்ளினாள். முழங்கைக்குக் கீழே பல் பதிந்து ரணமாகியிருந்தது. "குளிப்பாட்டும்போது கடிச்சுட்டான். கோவத்துல இல்ல, பயத்துல. இருபத்தாறு வயசுப் பிள்ளையை இனிமே என்னால தூக்க முடியாது. வாரத்துல ரெண்டு நாளாவது, இந்த மாதிரிப் பிள்ளைங்களைப் பகல்ல பாத்துக்கற அவங்க இடத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. கால்ல விழுந்து கேக்கறேன்னு சொல்லுங்க."

எதிரே நகர கவுன்சிலிலிருந்து வந்த பெவர்லி அம்மாள் முசப்பிரைப் பார்த்தாள். தரையில் குல்சுமாவின் மகன் ரூபேல் ஒரு செருப்பை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தான். உடம்பு வளர்ந்த அளவுக்கு அவன் புத்தி வளரவில்லை.

வங்கதேசத்துச் சில்ஹெட்டிலிருந்து இங்கிலாந்தின் ஓல்டாமுக்கு வந்து முப்பது வருஷமாகியும் குல்சுமாவுக்கு ஆங்கிலம் வராது. கணவர் இருந்தவரை அவர் பேசினார். அவர் போனபின் அவருடைய தம்பி முசப்பிர். மொழிபெயர்க்க ஆள் அனுப்புகிறோம் என்றுதான் கவுன்சில் சொன்னது. முசப்பிர்தான் வேண்டாமென்றார். சில்ஹெட்டி பேசுகிற ஆள் சில்ஹெட்டிக்காரராகத்தானே இருப்பார்? இன்று இங்கே கேட்டது நாளைக்கு மசூதி வாசலில் பேச்சாகிவிடும். முசப்பிர் தன் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். முசப்பிர் கெட்டவரல்ல, மானத்துக்குப் பயந்தவர். கெட்டவரிடமாவது ஒருத்தி எச்சரிக்கையாக இருப்பாள்.

"எண்ணெய்ச் சட்டி பட்டுடுச்சு," என்றார் அவர் ஆங்கிலத்தில். "எங்க பிள்ளைகளை நாங்களே பாத்துக்குவோம் மேடம். அண்ணிக்கு உதவி எதுவும் வேண்டாமாம்."

பெவர்லியின் முகம் நெகிழ்ந்தது. "உங்க ஜனங்க எவ்வளவு பாசமானவங்க! எங்க ஆளுங்க உங்ககிட்ட கத்துக்கணும்." சிரித்தபடி குல்சுமாவின் கைகளைப் பிடித்து அழுத்தினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, கேட்டது கிடைத்துவிட்டதென்று குல்சுமாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்ன தம்பி சொன்னாங்க?"

"திங்கட்கிழமை வண்டி வரும் அண்ணி."

திங்கட்கிழமை காலை அவள் ரூபேலுக்குக் கோட்டும் ஷூவும் மாட்டி ஜன்னலோரம் உட்கார வைத்தாள். வண்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கோட்டைக் கழற்றப் போனால் அவன் அலறினான், கோட்டோடேயே தூங்கினான். பழைய காயத்துக்கு மேலே புதிதாக ஒன்று விழுந்தது.

ஒரு காலையில் வண்டி வந்தே விட்டது. ஆனால் நான்கு வீடு தள்ளி, ஒரு வெள்ளைக்காரப் பையனுக்காக. குல்சுமா செருப்பில்லாமல் ரூபேலை இழுத்துக்கொண்டு ஓடினாள். அவன் வண்டிப் படியேறி உட்கார்ந்துகொண்டான்.

வண்டியில் உதவிக்கு வந்திருந்த நஸ்மின் சில்ஹெட்டிக்காரப் பெண். அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். கேட்டதும் அவள் குரல் இறங்கிவிட்டது. "சாச்சி, உதவி எதுவும் வேணாம்னு நீங்களே சொன்னீங்களாமே?"

குல்சுமாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அதற்குள் முசப்பிர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "அண்ணி, தெருவே பாக்குது! மானம் போகுது, உள்ள வாங்க!"

வாசல்களில் ஜனம் நின்றது. முசப்பிர் சம்பந்தம் பேசிய வீட்டு உறவுக்காரி ஒருத்தியும் நின்றாள். குல்சுமா கம்பளிச் சட்டையின் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு நஸ்மினிடம் திரும்பினாள்.

"போனை வச்சிடாதே மகளே. நான் சொல்றதை அப்படியே சொல்லு. ஒரு வார்த்தையும் குறைக்காதே."