எந்த வேலையானாலும்

விரிப்பின் ஒரு முனையை ஜுனு பிடித்தாள், மறுமுனையை ஹிசாயோ பிடித்தாள். ஒரே உதறலில் அது மெத்தைமேல் விழுந்தது. ஹிசாயோவுக்கு எழுபத்தொரு வயது, முட்டி மடங்காது. நின்றபடி செய்யக்கூடியதை அவள் செய்வாள். குனிய வேண்டியதெல்லாம் ஜுனுவின் பங்கு. நான்கு மூலையிலும் விரிப்பைச் செருகி, தேநீர்க் கிண்ணங்களைக் கவிழ்த்து, குளியல் அங்கிகளை மடித்து அடுக்கிக் கதவைச் சாத்தினால் ஓர் அறை முடியும். நாளொன்றுக்குப் பதினான்கு அறை.

ஒன்பதாவது அறையில் இருந்தபோது விடுதியின் முதலாளியம்மா குராமோச்சி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். கையில் குடியேற்ற அலுவலகத்தின் கடிதம்.

"நாளைக்கு உன்ன நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. என்ன வேலைன்னு விசாரிப்பாங்களாம். நாளைக்கு எல்லா அறையும் நிரம்பியிருக்கு, என்னால கூட வர முடியாது. பயப்படாதே, உழைக்கிற பொண்ணுன்னு உன்னப் பாத்தாலே தெரியும்."

ஜுனு கடிதத்தை இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியில் செருகிக்கொண்டு பத்தாவது அறைக்குப் போனாள். பயமில்லை என்று சொல்ல முடியாது. நேபாளத்தின் கோர்க்கா மலையிலிருந்து ஜப்பானின் பெப்புவுக்கு வந்து ஐந்து வருடம். இரண்டு வருடம் மொழி படித்தாள், இரண்டு வருடம் விடுதி மேலாண்மை படித்துப் பட்டயம் வாங்கினாள். படித்து முடித்தவர்களுக்கு வேலை தேட ஒரு வருடம் தந்தார்கள். அந்த ஒரு வருடத்தில் முப்பத்தேழு இடங்களில் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் பகுதி நேரமாக மெத்தை போட்டுக்கொண்டிருந்த இந்த விடுதியே நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. வேலை அனுமதி கேட்டுப் போட்ட விண்ணப்பத்தில் அவளுடைய வேலை, வெளிநாட்டு விருந்தினர் வரவேற்பும் மொழிபெயர்ப்பும் என்று எழுதியிருந்தது. அது முழுப் பொய்யும் அல்ல. வெளிநாட்டார் யாராவது வந்து நின்றால் குராமோச்சி கீழேயிருந்து குரல் கொடுப்பாள். ஜுனு கையைக் கழுவிக்கொண்டு ஓடுவாள்.

அனுமதி கிடைத்தால் ஊரிலிருக்கும் கணவன் தேக்கைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஐந்து வருடமாக இருவரும் கைபேசியில்தான் குடும்பம் நடத்துகிறார்கள். போன மாதம் அவன் ஒரு நீலக் குளிர் மேலங்கி வாங்கி, வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நின்று காட்டினான். வேர்த்து வழிய நின்றவனைப் பார்த்து அவள் சிரித்துச் சிரித்து அழுதுவிட்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் எதிரே உட்கார்ந்த அதிகாரி சின்ன வயதுக்காரன், மரியாதையானவன். ஜுனு முதுகை நிமிர்த்தி, இரு கைகளையும் முட்டிமேல் வைத்துக்கொண்டாள். கல்லூரியில் நேர்முகத் தேர்வுக்கென்றே வாரம் ஒரு வகுப்பு உண்டு. எந்த வேலையானாலும் செய்வேன் என்று தயங்காமல், கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தயங்குகிறவர்களை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று ஆசிரியை அடித்துச் சொல்வாள். பிள்ளைகள் வரிசையாக எழுந்து நின்று அதை ஒப்பிப்பார்கள். ஜுனு கண்ணாடி முன் நின்று பழகிப் பழகி, தூக்கத்தில் கேட்டாலும் பிசிறில்லாமல் சொல்லுவாள்.

"காலையில வந்ததும் என்ன செய்வீங்க? ஒவ்வொண்ணா சொல்லுங்க," என்றான் அதிகாரி.

சொன்னாள். பதினான்கு அறையையும் ஒன்று விடாமல் சொன்னாள். தன்னைப்போல வேகமாக மெத்தை போட அந்த வீதியிலேயே ஆள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அவன் எழுத எழுத அவளுக்குத் தெம்பு கூடியது.

"வரவேற்புல எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"ஆள் வந்தா போவேங்க. மத்த நேரமெல்லாம் அறையிலதான். குளியல் தொட்டியும் தேய்ப்பேன். எந்த வேலையானாலும் செய்வேன், சளைக்க மாட்டேன்."

அதிகாரி தலையசைத்து எழுதிக்கொண்டான். நன்றாகப் பேசிவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. திரும்பும் வழியில் ஹிசாயோவுக்கு நீராவியில் வேகவைத்த இனிப்பு அப்பம் இரண்டு வாங்கினாள். கைபேசியில் தேக்கைக் கூப்பிட்டு, காரியம் ஏறக்குறைய முடிந்த மாதிரிதான் என்றாள். அவன் எந்த மாதம் கிளம்பலாம் என்று கேட்டான்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அதே அதிகாரி, அதே மரியாதை. அவள் முன்னால் ஒரு தாளைத் திருப்பி வைத்தான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது.

"நீங்க கேட்டிருக்கிற அனுமதி, படிச்ச படிப்ப வச்சு செய்யற வேலைக்கு. நீங்க செய்யறதுக்குப் படிப்பு தேவையில்லைங்க."

மறுபடி விண்ணப்பிக்கலாமா என்று கேட்டாள். விண்ணப்பிக்கலாம், ஆனால் வேலை மாறாமல் பதில் மாறாது என்றான். இங்கே தங்குவதற்கான அவளுடைய அட்டையில் இன்னும் பதினோரு நாள் மிச்சமிருந்தது.

அன்று மாலை சமையலறை வாசலில் குராமோச்சி அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். "அதையெல்லாம் எதுக்கும்மா சொன்னே?" என்று கேட்டாள். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம். நன்றாக உழைப்பதை மறைக்க வேண்டும் என்று எந்த வகுப்பிலும் ஜுனுவுக்குச் சொல்லித்தரவில்லை.

பிறகு வெட்கத்தை விட்டுக் கேட்டாள். "வரவேற்புக்கு மட்டும் என்னை வச்சுக்குங்கம்மா. அப்படியே எழுதி இன்னொரு தடவை போடலாம்."

குராமோச்சி கொதிக்கும் குழம்பைக் கிளறினாள். நல்லவள்தான்; அதனால்தான் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அப்புறம் அறைய யாரு பாத்துக்குவாங்க?"

தேக்கிடம் ஜுனு இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சொன்னபோது அவன் அழவில்லை, திட்டவும் இல்லை. மேலங்கியைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களா என்று கடையில் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். இணைப்பைத் துண்டிக்காமல் ஆளுக்கொரு பக்கம் சும்மா இருந்தார்கள்.

கடைசி நாளும் பதினான்கு அறை இருந்தது. பதினொன்றாவதில் இருந்தபோது கீழேயிருந்து குராமோச்சி குரல் கொடுத்தாள். ஜுனு கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள். விருந்தினர் யாரும் இல்லை. வரவேற்பு மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளும் தடித்த பேனாவும் இருந்தன. பக்கத்தில் குராமோச்சி தன் கையால் ஜப்பானியத்தில் எழுதிய அறிவிப்பு.

"இங்கிலீஷ்லயும் உங்க மொழியிலயும் எழுதிக் குடுத்துட்டுப் போம்மா. உன்ன விட்டா இதுக்கு யாரும் இல்ல," என்றாள். அவள் ஜுனுவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜுனு வரவேற்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அதில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அறைப் பணிக்கு உடனே பகுதி நேர ஆள் தேவை என்று நேபாளியில் எழுதினாள். அடுத்த வரியில் பேனா நின்றது. பிறகு அதையும் எழுதினாள்: படிப்பு தேவையில்லை. இரண்டு மொழியிலும் எழுத்து அழகாக வந்திருந்தது. வாசல் கண்ணாடியில் தாளை வைத்து நான்கு மூலையிலும் பசைநாடா ஒட்டி, சுருக்கமில்லாமல் கையால் ஒருமுறை நீவிவிட்டாள்.

மேலே பதினொன்றாவது அறையில் ஹிசாயோ விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.