இரண்டு ஆல்ஃபா, மூன்று பீட்டா

1

போன தை மாதம் தூத்துக்குடி மில்லர்புரத்தில் உமாராணியைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இதுவரை இரண்டு தொடக்கங்கள்.

துறைமுகத்தில் அன்று காலை வந்து நின்ற கப்பலில்

(இல்லை. கப்பலுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.)

சிப்பிக்குள் முத்து உறங்குவதுபோல ஒவ்வொரு செல்லுக்குள்ளும்

(தூத்துக்குடி என்றாலே முத்து வந்தாக வேண்டுமா?)

நேராகவே சொல்கிறேன். 2016-இல் நானும் உமாவும் அங்கே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவிகள். நிகோடின் பட்டால் செல்லில் ஒரு வாயில் திறக்கும். ஆல்ஃபா, பீட்டா என்று இருவகைப் புரதத் துண்டுகள் ஐந்து வட்டமாகச் சேர்ந்தால் அந்த வாயில். ஆல்ஃபா இரண்டு, பீட்டா மூன்று என்று சேர்ந்தால் துளி நிகோடினுக்கே திறக்கும். ஆல்ஃபா மூன்று, பீட்டா இரண்டு என்றால் பல மடங்கு வேண்டும். தட்டில் வளரும் செல்களுக்கு எந்தத் துண்டின் ஜீனை எவ்வளவு கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2

ஆய்வகம் மூன்றாவது மாடியில். நிலக்கரித் தூசி வராமலிருக்க ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டியிருந்தோம். டேப்புக்கு நடுவே விரலகலத்துக்குக் கடல் தெரியும். எனக்கு இன்றும் தூத்துக்குடி என்றால் அந்த விரலகலக் கடல்தான்.

கரன்ட் போனால் உமா தன் துப்பட்டாவைச் செல்கள் வளரும் இன்குபேட்டர்மேல் போர்த்துவாள்.

"பிள்ளைகளுக்குக் குளுரும்ளா."

(அதனால் ஒரு பயனும் இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். கேட்கமாட்டாள்.)

3

செப்டம்பரில் திருச்செந்தூரில் அவள் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. எங்கள் வழிகாட்டி தனராஜ் சார் லீவு தரமாட்டார் என்று கேட்காமலே கிளம்பினாள்.

"ஒரு பங்கு ஆல்ஃபாவுக்குப் பத்து பங்கு பீட்டா. அவ்வளவுதான் ஏளா. கலந்து போட்டுரு. மத்தத நான் வந்து பாத்துக்கிடுதேன்."

போட்டேன். மறுநாள் வந்து கேட்டாள். சொன்னபடியே போட்டதாகச் சொன்னேன். அப்படித்தான் நம்பினேன். அவளும் அப்படியே தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நிகோடின் விட்டுப் பார்த்தபோது செல்கள் அசையவில்லை. பல மடங்கு விட்ட பிறகுதான் திறந்தன. தனராஜ் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"நோட்டுல ஒண்ணு இருக்கு, டிஷ்ல வேற என்னமோ இருக்கு. யாரு கலந்தது?"

தான் கலக்கவில்லை என்றால் உமா சொல்லாமல் லீவு போட்டது தெரிந்துவிடும். அவள் முந்திக்கொண்டாள்.

"நாந்தான் சார்."

"அப்ப நோட்டு பொய்."

அந்த மாதமே அவளை அனுப்பிவிட்டார். அவர் கடிதம் இல்லாமல் வேறு எந்த ஆய்வகமும் அவளைச் சேர்க்கவில்லை.

அவரிடம் அவள் பேச்சு வாங்கிய அன்று சாயங்காலம் ஃப்ரீசரைத் திறந்தேன். ஆல்ஃபா ஜீன் குழாய்க்கும் பீட்டா ஜீன் குழாய்க்கும் ஒரே நீல மூடி. குறைந்திருக்க வேண்டியது பீட்டா. குறைந்திருந்தது ஆல்ஃபா. மாற்றிக் கலந்திருக்கிறேன்.

உடனே சாரின் அறைக்குப் போனேன்.

(பொய். கதவுவரை போனேன்.)

(அதுவும் பொய். ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன்.)

துண்டுகளின் எண்ணிக்கை மாறினால் வாயில் எப்படி மாறுகிறது என்பது பிறகு என் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமானது. எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது.

4

உமாவை எழுதுவதில் எனக்கு ஒரு சந்தேகம். காகிதத்தில் அவள் நல்லவளாகிக்கொண்டே போகிறாள். நிஜ உமா என் டிபன் பாக்ஸைக் கேட்காமல் திறந்து முட்டையை எடுத்துக்கொள்வாள். குடுவை கழுவும் முறை வந்தால் தலைவலி என்பாள். அவளைத் தெய்வமாக்கினால் என் குற்றம் பெரிதாகும். அப்படிப் பெரிதாக்கி அழுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்த இடத்தில் என்னை நம்பாதீர்கள்.

5

தையில் பார்த்தபோது அவள் தன் ஸ்டேஷனரிக் கடையில் இருந்தாள்.

"ஏளா, முருகேஸ்வரிதான நீ? இங்கன வந்து உக்காரு."

டீ வரவழைத்தாள். இன்குபேட்டரை நினைத்துச் சிரித்தோம். சிரிப்பு முடிந்ததும் கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக ஏன் அப்படி ஆச்சுன்னு ஒனக்கு எதும் தெரியுமாளா? நான் இன்னும் யோசிப்பேன். என் கைதான் தப்போன்னு."

"தெரியலளா" என்றேன்.

6

முடிவு ஒன்று: அவளுக்கு முதலிலேயே தெரியும். என்னைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தாள். (இது என் ஆசை. தெரிந்தவள் தன் கையைச் சந்தேகப்படுவாளா?)

முடிவு இரண்டு: திரும்பிப் போய் உண்மையைச் சொல்கிறேன். சிரித்து மன்னித்துவிடுகிறாள். (அவளுக்காக நான் எப்படிச் சிரிக்க முடியும்?)

நடந்தது இது. மேலே உள்ள ஐந்து பகுதிகளையும் இன்று காலை கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். மூன்றாம் பகுதிக்கு வந்ததும் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தாள். நீல மூடி வரும் வரியில் விரலை வைத்து மறுபடி வாசித்தாள். பிறகு கடைசிவரை வாசித்தாள். தன் வலது கையை ஒருமுறை விரித்துப் பார்த்தாள்.

"இத இங்கன வச்சிட்டுப் போ. நாளைக்கு வா."

"உமா..."

"இப்ப ஒண்ணும் பேசாத. நாளைக்கு வா."

நாளை போவேன். அவள் சொல்லப்போவது அவளுடையது. அதை நான் எழுதமாட்டேன். இதை நீங்கள் அச்சில் வாசிக்கிறீர்கள் என்றால், அச்சில் போடு என்று அவள் சொல்லியிருக்கிறாள். எந்தக் குரலில் சொன்னாள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.