தாம்பாளத்துக் கண்மாய்

பொன்ராஜ் அண்ணாச்சி சினிமா எடுக்கப் போகிறார் என்ற சேதி எனக்குத்தான் முதலில் தெரியும். அவர் மனைவி சௌந்தரத்துக்கே மறுநாள்தான் தெரிந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் ஒரு செங்கல் பெயர்ந்திருக்கிறது. நான் பெயர்க்கவில்லை.

எங்கள் ஊர் பரளச்சிக்குப் போகிற வழியில் இருக்கிறது. அருப்புக்கோட்டை பஸ், கண்டக்டருக்கு மனசிருந்தால் நிற்கும். மளிகைக்கடை ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, கண்மாய் ஒன்று. கடை பொன்ராஜ் அண்ணாச்சியுடையது. கண்மாய் யாருடையது என்று அப்போது யாரும் சண்டை போடவில்லை, ஏனென்றால் அதில் தண்ணீர் நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. நான் சொல்வது எழுபத்திநாலாம் வருஷம். குடிக்கிற தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்து, ஒரு தோட்டத்துக் கிணற்றில் வாளிக்குக் காத்துக் கிடந்தோம். ஊருக்கு ஒரு போர் போட்டு அடிகுழாய் வைத்துத் தரும்படி பஞ்சாயத்துத் தலைவர் சங்கரலிங்கம் எழுதிய மனு ஒன்பது. பதில் ஒன்றும் இல்லை.

இந்த லட்சணத்தில்தான் அண்ணாச்சியின் மச்சினன் கொழும்பிலிருந்து வந்தான். வந்தவன் அக்காவுக்கு ஒரு சேலையும், மாமாவுக்கு ஒரு எட்டு மில்லிமீட்டர் கேமராவும் கொடுத்துவிட்டுப் போனான். சாவி கொடுத்தால் கிர்ரென்று சுற்றும். சுருள் ஒன்றுக்கு நாலு நிமிஷம் படம். பேசாது. எடுத்து முடித்ததைத் தபாலில் பம்பாய்க்கு அனுப்பினால் அவர்கள் கழுவி அனுப்புவார்கள்.

அண்ணாச்சி அன்றிலிருந்து துவரம்பருப்பை நிறுக்கும்போதுகூட ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் நிறுத்தார்.

படத்தின் பெயர் ‘கரை காத்த காந்திமதி’. கதை இதுதான். ஊர்க் கண்மாய் தளும்பி நிற்கிறது. வில்லன் கரையை வெட்டிவிடுகிறான். வெள்ளம் பாய்கிறது. காந்திமதி தண்ணீரில் இறங்கி, தன் உடம்பையே அணையாக வைத்து ஊரைக் காப்பாற்றுகிறாள். குடத்துக்கு அடிதடி நடக்கிற ஊரில் வெள்ளத்தைப் பற்றிப் படம். அந்த மனுஷனுக்குக் கதைப் பஞ்சம் மட்டும் இல்லை.

வில்லனாக நடிக்க யாரும் கிடைக்காமல் கடைசியில் தலைவர் சங்கரலிங்கமே ஒப்புக்கொண்டார். மம்பட்டியோடு முகம் பெரிதாகத் தெரியும் என்று சொன்னதும்தான் சம்மதித்தார். அவர் கரையை வெட்டுவதை மட்டும் முதல் நாளே தனியாக எடுத்து, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் அண்ணாச்சி. காந்திமதிக்குப் பொம்பளை வேண்டும். அண்ணாச்சி வீட்டில் மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

“நான் சேலையைத் தூக்கிச் செருகிட்டு ஊர் முன்னால சாகணுமாக்கும்? எங்க அண்ணன்மாரு நாலு பேரும் இன்னும் உசுரோடதான் இருக்காக” என்றாள் சௌந்தரம்.

அதனால் நெசவுக்காரர் சௌடையா மீசையை எடுத்துவிட்டுக் காந்திமதி ஆனார். அவர் வீட்டில் கன்னடத்தில் ஒரு நாள் முழுக்கச் சத்தம் கேட்டது. எனக்குக் கன்னடம் தெரியாதது அன்றைக்குத்தான் பெரிய குறையாகப் பட்டது.

இனி தண்ணீருக்கு எங்கே போவது? அங்கேதான் அண்ணாச்சிக்கு மூளை வேலை செய்தது. செய்ததைச் செங்கல் இடுக்கு வழியாகவும், பிறகு கண்மாய்க்கரைக் கருவேலத்தின் பின்னால் நின்றும் முழுசாகப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். சௌந்தரத்தின் கல்யாணச் சீர்த் தாம்பாளத்தை, இரண்டு முழ அகலம் உள்ளதை, காய்ந்த கண்மாய்க்குள் கொண்டுபோய் ஒரு மணைப்பலகைமேல் வைத்தார். அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். அந்தப் பக்கத்து விளிம்பு தெரியாமல் மண்ணும் பொடிக்கல்லும் அணைத்தார். இந்தப் பக்கம் கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்துப் பார்த்தார். அவ்வளவுதான். தூரத்தில் உள்ள கரையும் கருவேலமும் வானமும் தாம்பாளத் தண்ணீரில் தலைகீழாக விழுந்து, நாலு வருஷமாகக் காய்ந்த கண்மாய் கரைமுட்டத் தளும்பியது.

சௌடையாவைத் தாம்பாளத்துக்கு இருபதடி பின்னால் கழுத்தளவு குழியில் இறக்கி நிறுத்தினார். படத்தில் பார்த்தால் காந்திமதி நடுக்கண்மாயில் தத்தளிப்பாள். கரை உடைகிற இடத்தில் தாம்பாளத்து விளிம்பு மண்ணில் சின்ன வாய்க்கால் கீறி லேசாகச் சாய்த்தார். கேமராவை வேகமாகச் சுற்றவிட்டால் படத்தில் மெதுவாக ஓடுமாம். ஒரு செம்புத் தண்ணீர் பெருவெள்ளமாகப் புரண்டது. மழைக்கு, சௌடையாவின் தறிக்கு வைத்திருந்த வெள்ளைப் பாவு நூலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கேமரா முன்னால் ஆட்டினார்.

“அண்ணாச்சி, பாவு அறுந்தா மழை நின்னுரும், பாத்துக்கோங்க” என்றார் சௌடையா குழிக்குள்ளிருந்து.

“காந்திமதி பேசக் கூடாது. சாகப் போற பொம்பளை நீ.”

“முங்கிச் சாகுறதுக்கு ஒரு வாய் தண்ணியாவது குடுங்க. தொண்டை காயுது.”

தண்ணீர் கொண்டுபோன சௌந்தரம்தான் கடைசியில் வெடித்தாள். “ரெண்டு மைலு சுமந்தது இடுப்பு. குடிக்கிறது தாம்பாளம். நல்லாயிருக்கு குடித்தனம்.”

அண்ணாச்சி அவள் கையைப் பிடித்து, சௌடையாவையும் சாட்சி வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். இந்தத் தந்திரம் மூன்று பேரைத் தாண்டக் கூடாது. கேட்டால் எல்லாம் கேமராவிலுள்ள சீமைக் கண்ணாடியின் வேலை என்று சொல்ல வேண்டும். “சூட்சுமம் தெரிஞ்சா ஒருத்தனும் கண்ணை விரிக்க மாட்டான், சௌந்தரம். படமே அதுலதான் இருக்கு” என்றார். நாலாவதாக நான் இருப்பது அவருக்குத் தெரியாது. நானும் யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டுக் கோகிலாம்பாளிடம் சொன்னதைக் கணக்கில் சேர்க்க முடியாது. அவளுக்குக் காது கேட்காது.

படம் பம்பாய் போய்த் திரும்பிய அதே வாரத்தில், ஒன்பது மனுவுக்கும் சேர்த்து ஒரு பதில் வந்தது. போர் போடும் இடங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு ஆபீசர் நேரில் வருகிறார். ஒரு போர்தான் இருக்கிறது. கேட்கிற ஊர் இரண்டு. நாங்கள், அல்லது அடுத்த ஊர்.

தலைவர் சங்கரலிங்கம் யோசித்தார். கோழி அடிப்பது எல்லா ஊரும் செய்கிற காரியம். நம் ஊரில் மட்டும்தான் சினிமா இருக்கிறது. ஆகையால் கோழியும் போட்டு, பள்ளிக்கூடத்து ஜன்னல்களில் சாக்கு கட்டி இருட்டாக்கி, மத்தியானம் மூன்று மணிக்கு ஆபீசருக்குப் படம் காட்டினார். மதுரையிலிருந்து வாடகைக்கு ஒரு புரொஜெக்டர் வந்தது. படம் பேசாதே, அதனால் அண்ணாச்சி மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

“பெரியோர்களே, நீங்கள் காண்பது நமது ஊர்க் கண்மாய். போன மாதம், நமது ஊரிலேயே நேரில் படம் பிடிக்கப்பட்டது.”

எங்கள் சனம் வாயைப் பிளந்தது. தினமும் அந்தக் கண்மாயில் ஆடு மேய்க்கிற செல்லப்பாண்டியே, “நம்ம கண்மாயாலே இது?” என்று எழுந்து நின்றுவிட்டான். சங்கரலிங்கம் கரையை வெட்டினார். முகம் பெரிதாகத்தான் தெரிந்தது. வெள்ளம் வந்தது. சௌடையா முங்கினார். கைதட்டலில் கூரைத் தூசி கொட்டியது. ஜன்மத்தில் அண்ணாச்சி அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

சாக்கை அவிழ்த்தார்கள். ஆபீசர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“படம் நல்லாயிருக்கு. கண்மாயில இவ்வளவு தண்ணி கிடக்கே, போர் எதுக்கு?”

தலைவர் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார்.

“ஐயா, அது சினிமா” என்றார் தலைவர்.

“சினிமாதான். ஆனா கண்மாய் உங்க கண்மாய்தானே? இவரே சொன்னாரே.”

எல்லாரும் அவரைக் கண்மாய்க்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். வெடித்த மண், கருவேலம், ஆட்டுப் புழுக்கை. இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று நாங்கள் பார்த்தோம். ஆபீசர் வேறு மாதிரி பார்த்தார். அதே கரை, அதே மரம். படத்தில் பார்த்த கண்மாய்தான் என்பது அவருக்கு உறுதியாகிவிட்டது.

“போன மாசம் நெறஞ்சு கிடந்ததை வெட்டி விட்டிருக்கீங்க. ஒரு படத்துக்காக. வெட்டுனது யாருன்னும் படத்துல இருக்கு” என்று தலைவரைத் திரும்பிப் பார்த்தார். “பக்கத்து ஊருல பாவம், கண்மாயே இல்ல.”

சங்கரலிங்கத்தின் முகம் படத்தில் தெரிந்ததில் பாதியாகச் சுருங்கியது. “ஏய்யா பொன்ராஜு, என்னய்யா மரம் மாதிரி நிக்கே. அது எப்படி எடுத்ததுன்னு சொல்லித் தொலை.”

அண்ணாச்சி, “சீமைக் கண்ணாடி தலைவரே...” என்று இழுத்தார்.

“கண்ணாடியிலயா தண்ணி ஊறும்?” என்றார் ஆபீசர்.

எனக்குத் தெரியும், சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கருவேலத்துப் பின்னால் உனக்கென்ன வேலை என்று ஊர் கேட்குமே. சௌடையா மீசை இல்லாத உதட்டைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அண்ணாச்சி சௌந்தரத்தைப் பார்த்தார். அவள் இடுப்பில் குடம் வைத்துத் தழும்பேறிய இடத்தை முந்தானைக்கு மேலாகத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு, “சௌந்தரம், அந்தத் தாம்பாளத்தை எடுத்துட்டு வா” என்றார்.

தாம்பாளம் வந்தது, மணைப்பலகை வந்தது. தண்ணீர் வரவில்லை. அன்றைக்குக் குடத்தில் இருந்ததெல்லாம் கோழிக் குழம்புக்குப் போயிருந்தது. கடைசியில் ஆபீசரின் ஜீப் டிரைவர், எஞ்சினுக்கு ஊற்ற வைத்திருந்த டப்பாத் தண்ணீரை மனசில்லாமல் கொடுத்தார். அண்ணாச்சி மண்ணை அணைத்தார், கேமராவை வைத்தார். டெரிலின் பேண்டு போட்ட ஆபீசர் புழுக்கைமேல் முட்டி போட்டு, பிறகு குப்புறவே படுத்து, கேமராவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எங்களுக்கே பயமாகிவிட்டது.

“யோவ்” என்றார் படுத்தபடியே. “இன்னொரு தரம் அந்தத் தண்ணிய ஆட்டு.”

அதற்குப் பிறகு ஊரில் ஆளாளுக்குக் குப்புறப் படுத்தார்கள். செல்லப்பாண்டி படுத்து எழுந்து, “ப்பூ, இவ்வளவுதானா” என்றான். அவனுக்குப் பின்னால் படுத்தவன் எழாமலே அதைச் சொன்னான். அண்ணாச்சி சாய்ந்த தாம்பாளத்தை ஒரு கையால் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். சௌந்தரம் அவர் பக்கத்தில் போய்க் குத்தவைத்து, விளிம்பில் ஒட்டிய மண்ணை விரலால் வழித்தாள். நான் காதைத் தீட்டியும் பயனில்லை.

போர் எங்களுக்கே வந்தது. இருநூற்றைம்பது அடியில் தண்ணீர், லேசாக உப்பு. டீ போட்டால் திரியாது, அது போதும். குழாய் வைத்ததைக் கொண்டாடத் தலைவர் மறுபடியும் படம் போட்டார். அதைப் படம் என்று சொல்லக் கூடாது. கண்மாய் வந்ததும் பள்ளிக்கூடமே, “தாம்பாளம், தாம்பாளம்” என்று கத்தியது. சௌடையா முங்கும்போது, “குழிக்குள்ள உக்காரும் மாமா” என்று யோசனை சொன்னார்கள். மழை வந்தபோது பாவு நூலின் விலையைக் கேட்டார்கள். அண்ணாச்சி மைக்கை அணைத்துவிட்டார்.

குழாயைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வந்திருந்த ஆபீசர் முதல் பெஞ்சில் இருந்தார். அவர் மட்டும் கத்தவில்லை. கரை உடைந்து வெள்ளம் புரண்டு வந்தபோது, புழுக்கைமேல் படுத்து எல்லாவற்றையும் பார்த்த அந்த மனுஷன், இரண்டு ஷூக் காலையும் மெல்லத் தூக்கிப் பெஞ்சுமேல் வைத்துக்கொண்டார்.

நான் பார்த்தேன். அண்ணாச்சியும் பார்த்தார். மைக்கை மறுபடி தட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு, “பெரியோர்களே” என்று ஆரம்பித்தார்.